போக்கரில் அடித்து ஆடக் கற்பது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. நீங்கள் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகின்றன. சனிக்கிழமை இரவுகளில் நண்பர்கள் ஆறு பேர் கூடி, பணம் வைக்காமல் வெறும் சிப் (பந்தய வில்லை) வைத்து நோ-லிமிட் டெக்சாஸ் ஹோல்டெம் ஆடுகிறீர்கள்; ஆளுக்கு இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, பந்தயத்துக்கு மேல்வரம்பு இல்லை என்ற போக்கர் வகை அது. நல்ல சீட்டு வரும்வரை பொறுத்திருந்து ஆடுவது உங்கள் பழக்கம். ஆனாலும் சிப் மெல்ல மெல்லக் கரைகிறது. "அடித்து ஆடுகிறவன்தான் ஜெயிப்பான்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வந்த சீட்டுக்கெல்லாம் ரெய்ஸ் செய்து (பந்தயத்தை உயர்த்தி) பார்த்தீர்கள். கையிலிருந்த சிப் முழுவதும் அதைவிட வேகமாகப் போய்விட்டது. ஆகவே அடித்து ஆடும் முறையை ஒழுங்காகக் கற்பது எப்படி என்றும், கற்ற பிறகு பணம் வைத்து ஆடும் செயலிகளுக்குப் போகலாமா என்றும் கேட்கிறீர்கள். கேள்வியின் உள்ளே வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: என் சீட்டு மோசமாக இருக்கும்போதும் என் பந்தயம் எப்போது லாபம் தரும், சீட்டு நன்றாக இருக்கும்போது எனக்கு ஏன் போதிய லாபம் வருவதில்லை என்பதே அது. இதற்கு விடை கிடைத்தால் மற்றது தானாக வரும்.

நான் புதுச்சேரியில் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். முத்தியால்பேட்டையில் எங்கள் நண்பர் வட்டத்தில் பல ஆண்டுகளாக இதே ஆட்டத்தைச் சிப் வைத்து ஆடி வருகிறேன். நிகழ்தகவு வகுப்புகளுக்கு வேண்டிய கணக்குகளை இதிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் உண்டு. தொழிலாக ஆடியவன் அல்லன். ஆகவே கீழே கணக்காக வருவதை நீங்கள் அப்படியே நம்பலாம். மனிதர்களின் பழக்கத்தைப் பற்றி நான் சொல்வதை மட்டும் உங்கள் மேசையில் சோதித்துப் பார்த்த பிறகு ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு பாட்டை, அதாவது பந்தயமாக நடுவில் சேர்ந்த சிப்பை, வெல்ல இரண்டே வழிகள்தான். கடைசியில் சீட்டைத் திறந்து காட்டும்போது உங்கள் சீட்டு பெரியதாக இருக்க வேண்டும். அல்லது அதற்கு முன்பே மற்ற அனைவரும் ஃபோல்ட் செய்திருக்க (சீட்டைக் கவிழ்த்து விலகியிருக்க) வேண்டும். செக் செய்வதும் (பந்தயம் வைக்காமல் கடத்துவதும்) கால் செய்வதும் (அடுத்தவர் பந்தயத்துக்கு ஈடாக வைப்பதும்) முதல் வழியை மட்டுமே திறந்து வைக்கின்றன. பெட் (முதலில் பந்தயம் வைத்தல்) அல்லது ரெய்ஸ் செய்கிறவருக்கு இரு வழிகளும் திறந்திருக்கின்றன. அடித்து ஆடும் முறைக்குள்ள பலம் முழுவதும் இந்த இரண்டாவது வழியிலிருந்து வருகிறது. துணிச்சல், முரட்டுத்தனம், முகபாவம் எல்லாம் அதன் மேலே பூசப்பட்டவை. சிப் மெல்லக் கரைகிறது என்று நீங்கள் சொல்வதற்கும் காரணம் இங்கேதான் இருக்கக்கூடும். பிளைண்ட் (சீட்டு வருவதற்கு முன்பே முறைவைத்து இருவர் சிறியது, பெரியது என்று கட்டாயமாக வைக்கும் பந்தயம்) கட்டுவது ஒவ்வொரு சுற்றிலும் தொடர்ந்து நடக்கிற செலவு. அந்தச் செலவை ஈடுகட்ட நல்ல சீட்டை மட்டும் நம்பியிருந்தால், நல்ல சீட்டு வரும்போது மற்றவர்கள் விலகிவிடுகிறார்கள், அல்லது நீங்கள் சிறிய பந்தயம் வைத்து அவர்களை மலிவாகத் தப்பவிடுகிறீர்கள்.

இரண்டாவது வழியின் விலையைக் கணக்கிடுவது எளிது. பாட்டில் 100 சிப் இருக்கிறது, உங்கள் கையில் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 சிப் பெட் செய்தால், எதிரில் இருப்பவர் மூன்றில் ஒரு முறை ஃபோல்ட் செய்தாலே உங்களுக்கு நட்டமில்லை. 100 சிப் பெட் செய்தால் இரண்டில் ஒரு முறை ஃபோல்ட் செய்ய வேண்டும். 33 சிப் போதும் என்று நினைத்தால் நான்கில் ஒரு முறை. பெட்டின் அளவை, பெட்டும் பாட்டும் சேர்ந்த தொகையால் வகுத்தால் இந்த எண் கிடைத்துவிடும். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. சந்தேகம் முழுவதும் மறுபக்கத்தில் இருக்கிறது: உங்கள் எதிரில் இருக்கும் அந்த மனிதர் உண்மையில் எத்தனை முறை ஃபோல்ட் செய்வார்? அடித்து ஆடக் கற்பது என்றால் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்கு நல்ல மதிப்பீடு செய்யக் கற்பதுதான்.

எதிரில் ஒருவருக்கு மேல் இருந்தால் கணக்கு வேகமாக மாறுகிறது. ஒவ்வொருவரும் நூற்றுக்கு 60 முறை ஃபோல்ட் செய்பவர் என்றே வைத்துக்கொள்வோம். ஒருவர் இருந்தால் 60 சதவீதம். இருவர் சேர்ந்து விலகுவது 36 சதவீதம். மூவர் என்றால் ஏறக்குறைய 22. நால்வர் என்றால் 13. ஒருவருடைய முடிவு இன்னொருவருடைய முடிவைச் சாராதது என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. மேசையில் அப்படி இருப்பதில்லை, ஒருவர் கால் செய்ததைப் பார்த்து அடுத்தவர் பயப்படுவதும் உண்டு, துணிவதும் உண்டு. ஆனால் எண்கள் எந்தத் திசையில் போகின்றன என்பதில் மாற்றமில்லை. நான்கு பேர் ஃபிளாப் (முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) பார்க்கும் மேசையில் ஒன்றுமில்லாத கையோடு பெட் செய்வது, எவ்வளவு துணிச்சலோடு செய்தாலும், நட்டக் கணக்குதான்.

உங்கள் சோதனை தோற்றதற்கு இதுதான் காரணம் என்று எண்ணுகிறேன். நம் ஊர்களில் போக்கருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ரம்மியிலிருந்தோ மூணு சீட்டிலிருந்தோ வருகிறார்கள். ரம்மியிலிருந்து வருகிறவருக்குத் தன் கையைச் சேர்ப்பதிலேயே கவனம். அடுத்தவர் பந்தயம் என்ன கதை சொல்கிறது என்று பார்க்க மாட்டார். மூணு சீட்டிலிருந்து வருகிறவருக்குச் சீட்டைப் பார்க்காமலே பந்தயம் கட்டிப் பழக்கம். கடைசிவரை போகாமல் எழுவதை மானக்குறைவாக நினைப்பார். இரு வகையினரும் ஃபோல்ட் செய்ய மனமில்லாதவர்கள். அதோடு உங்கள் மேசையில் சிப்புக்கு விலை கிடையாது. தீர்ந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இழப்பதற்கு ஒன்றுமில்லாதவரை எந்தப் பந்தயமும் விலக்காது. விலகாதவர்களிடம் வந்த சீட்டுக்கெல்லாம் ரெய்ஸ் செய்தால், இரண்டாவது வழி அடைபட்டு, மோசமான சீட்டோடு முதல் வழியில் மட்டும் போட்டியிடுகிறீர்கள்.

அப்படிப்பட்ட மேசையிலும் அடித்து ஆடுவதற்கு இடம் உண்டு, ஆனால் அது நல்ல சீட்டோடு பெரிதாக அடிப்பது. இதைப் பலர் அடித்து ஆடுவதாகவே கருதுவதில்லை. என் பார்வையில் இதுவே முதல் பாடம். ஃபிளாப்பில் பாட் 10 சிப். ஃபிளாப், டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு), ரிவர் (ஐந்தாவது) என்ற மூன்று சுற்றுகளிலும் நீங்கள் பாதிப் பாட் பெட் செய்து ஒருவர் கால் செய்துகொண்டே வந்தால் 5, 10, 20 என்று உங்கள் பக்கமிருந்து மொத்தம் 35 சிப் போகிறது. பாட் 80 ஆகிறது. அதே மூன்று சுற்றுகளிலும் முழுப் பாட் பெட் செய்தால் 10, 30, 90 என்று 130 சிப், பாட் 270. பந்தயத்தின் விகிதம் இரண்டு மடங்கு, கிடைக்கும் லாபமோ ஏறக்குறைய நான்கு மடங்கு. ஜோடி ஏஸும் ராஜாத் துணைச் சீட்டும் கையில் இருக்க, சின்னச் சின்னப் பெட்டாக வைத்து எதிராளியை "விரட்டிவிடாமல்" பார்த்துக்கொள்வது நம்மிடையே பரவலான பழக்கம். கால் செய்தே தீருவேன் என்கிறவர் எதிரில் இருக்கும்போது அந்தப் பழக்கம் விட்டுக்கொடுப்பது இந்த வித்தியாசத்தைத்தான். ஆகவே ஃபோல்ட் செய்யாதவர்கள் நிறைந்த மேசையில் நன்றாக அடித்து ஆடுகிறவர் பிளஃப் (மோசமான கையோடு மிரட்டிப் பந்தயம் வைத்தல்) அரிதாகச் செய்பவராகவும், நல்ல கையோடு மூன்று சுற்றும் தயங்காமல் பெரிய பெட் வைப்பவராகவும் இருப்பார்.

பிளஃப்பையும் கற்க வேண்டுமென்றால் மேசையின் விதியை மாற்றுங்கள். பணம் வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் அந்த இரவுக்கு ஒரே ஒரு ஸ்டாக் (சிப் அடுக்கு), தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும், பிளைண்ட் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை உயரும், கடைசிவரை நிற்கும் வரிசைப்படி புள்ளி, மாதக் கடைசியில் புள்ளிப் பட்டியல் என்று வைத்துக்கொண்டால் போதும். இரவு பத்து மணிக்கே எழுந்து, மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்ற ஒன்றே மனிதர்களை ஃபோல்ட் செய்ய வைக்கிறது. எங்கள் வட்டத்தில் இதைக் கொண்டுவந்த பிறகு ஆட்டத்தின் தன்மையே மாறியது. மற்ற வட்டங்களிலும் அப்படியே நடக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் முயன்று பார்ப்பதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

இனி வரிசை. முதலில் கற்க வேண்டியது உட்காரும் இடம். பட்டனில் (சீட்டுப் போடுபவருக்குரிய இடத்தில்) இருப்பவர் ஃபிளாப்புக்குப் பின் எல்லாச் சுற்றிலும் கடைசியாகப் பேசுகிறார்; மற்றவர்கள் செக் செய்தார்களா, பெட் செய்தார்களா என்று பார்த்த பிறகே முடிவெடுக்கிறார். அதனால் அதே சீட்டு பட்டனில் அதிக மதிப்புள்ளது. இரண்டு சீட்டுச் சேர்க்கைகள் மொத்தம் 1,326. ஆறு பேர் மேசையில் முதலில் பேசும் இடத்திலிருந்து இவற்றில் சுமார் 15 சதவீதத்துக்கு மட்டுமே ரெய்ஸ் செய்து தொடங்குவதும், பட்டனுக்கு எல்லோரும் விலகி வந்தால் சுமார் 45 சதவீதம்வரை ரெய்ஸ் செய்வதும் தேர்ந்த ஆட்டக்காரர்களிடையே வழக்கமான அளவு. 200 சேர்க்கைக்கும் 600 சேர்க்கைக்கும் உள்ள வேறுபாடு அது. அடித்து ஆடுகிறவர் எப்போதும் அடிக்கிறார் என்று நமக்குத் தோன்றுவது, அவர் பட்டனிலும் அதற்கு முந்தைய இடத்திலும் செய்வதைத்தான் நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோம் என்பதால். முதல் இடத்தில் அவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டுத் தண்ணீர் குடிப்பதை யாரும் கவனிப்பதில்லை. உங்கள் மேசையில் எல்லோரும் கால் செய்கிறவர்களாக இருப்பதால் இந்த 45-ஐ 30-க்குக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. அதில் கணக்கின் உறுதி இல்லை, பழக்கத்தின் மதிப்பீடுதான்.

ஆனால் முதலில் நுழையும்போது ரெய்ஸ் செய்து நுழைவது, வெறும் கால் செய்து நுழையாமல் இருப்பது என்ற விதியை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 2019-இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் நோம் பிரௌன், தூமாஸ் சாண்ட்ஹோல்ம் இருவரும் புளூரிபஸ் என்ற கணினி நிரலை உருவாக்கினார்கள். ஆறு பேர் ஆடும் நோ-லிமிட் ஹோல்டெமில் அது முன்னணித் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. மனிதர்களின் ஆட்டத்தைப் பார்த்துக் கற்காமல், தன்னோடு தானே ஆடிக் கற்ற நிரல் அது. அது தானாகக் கண்டடைந்தவற்றுள் ஒன்று, சிறிய பிளைண்டில் இருப்பவரைத் தவிர மற்ற எவருக்கும் வெறும் கால் செய்து நுழைவது லாபமில்லை என்பது. அனுபவசாலிகள் நெடுங்காலமாகச் சொல்லி வந்ததற்கு அது வலுச் சேர்த்தது.

அடுத்து, ஒருவர் ரெய்ஸ் செய்த பிறகு அவர்மேல் மறு ரெய்ஸ் செய்வது. இங்கே சீட்டு எண்ணிக்கை உதவுகிறது. ஒரு ஜோடி ஏஸ் கிடைக்க 6 வழிகள். ஏஸ்-ராஜா கிடைக்க 16 வழிகள். உங்கள் கையில் ஒரு ஏஸ் இருந்தால் எதிராளிக்கு ஜோடி ஏஸ் இருக்கும் வழிகள் 3 ஆகவும், ஏஸ்-ராஜா 12 ஆகவும் குறைகின்றன. அதனால்தான் ஒரே இனத்தில் ஏஸும் ஐந்தும் போன்ற கையோடு சில சமயம் மறு ரெய்ஸ் செய்கிறார்கள்: எதிராளிக்கு ஜோடி ஏஸ் இருக்கும் வழிகளில் சரிபாதியை அந்த ஏஸ் அடைத்துவிடுகிறது, கால் வந்தாலும் ஃபிளஷ்ஷுக்கும் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) ஸ்ட்ரெய்ட்டுக்கும் (எண் வரிசையாக ஐந்து சீட்டு) வழி இருக்கிறது. உங்கள் மேசையில் இதற்கு அவசரமில்லை. இப்போதைக்கு ஜோடி ராணியிலிருந்து மேலே, ஏஸ்-ராஜா ஆகியவற்றோடு தயங்காமல் மறு ரெய்ஸ் செய்யப் பழகினாலே போதுமானது.

ஃபிளாப்புக்கு வருவோம். ஜோடியாக இல்லாத இரண்டு சீட்டு வைத்திருப்பவருக்கு ஃபிளாப்பில் ஒரு ஜோடியாவது சேர்வது மூன்றில் ஒரு முறைக்குச் சற்றுக் குறைவு. அதாவது உங்கள் எதிராளிக்கும் பெரும்பாலும் ஒன்றும் சேர்ந்திருக்காது. முன்பு ரெய்ஸ் செய்த நீங்கள் தொடர்ந்து பெட் செய்தால் அவர் விலக நியாயமான வாய்ப்பு உண்டு. ஆனால் எந்த ஃபிளாப் என்று பார்க்க வேண்டும். ராஜா, ஏழு, இரண்டு என்று மூன்று வெவ்வேறு இனத்தில் விழுந்தால், பெரிய சீட்டுக்காக ரெய்ஸ் செய்த உங்கள் கதைக்கு அது பொருந்துகிறது. கால் செய்தவர் சேர்த்துக்கொள்ள அங்கே வழிகள் குறைவு. பாட்டில் மூன்றில் ஒரு பங்கு பெட் போதும், அது நான்கில் ஒரு ஃபோல்டைத்தான் கேட்கிறது. எட்டு, ஏழு, ஆறு என்று இரண்டு இஸ்பேடோடு விழுந்தால் நிலைமை தலைகீழ். கால் செய்து வந்தவரின் நடுத்தரச் சீட்டுகளுக்குப் பொருந்துகிற ஃபிளாப் அது. அங்கே ஒன்றுமில்லாத கையோடு செக் செய்து விட்டுவிடுவதே நல்ல ஆட்டம். எதிரில் ஒருவர் மட்டும் இருக்கும்போது தொடர்ந்து பெட் செய்வது, மூவருக்கு மேல் இருந்தால் கையில் ஏதாவது இருந்தாலொழிய செய்யாமலிருப்பது என்று தொடக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் எண்ணத்தில் இந்த ஆட்டத்தின் மிக வளமான பகுதி இனிதான் வருகிறது: இன்னும் சேராத, ஆனால் சேரக்கூடிய கையோடு அடிப்பது. டர்னில் பாட் 100, உங்களிடமும் எதிராளியிடமும் மீதி 100 சிப். நீங்கள் ஆல்-இன் செல்கிறீர்கள், அதாவது மீதி முழுவதையும் வைக்கிறீர்கள். எந்தச் சீட்டு வந்தாலும் வெல்ல வழியில்லாத கை என்றால், முன்பு சொன்னபடி, அவர் இரண்டில் ஒரு முறை ஃபோல்ட் செய்ய வேண்டும். ஃபிளஷ்ஷுக்கு ஒரு சீட்டு குறைகிறது, 9 சீட்டுகள் உங்களைக் காப்பாற்றும் என்றால், தெரியாத 46 சீட்டுகளில் 9. கால் வந்தாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறை வெல்கிறீர்கள். அப்போது அவர் 29 சதவீதம் ஃபோல்ட் செய்தாலே நட்டமில்லை. ஃபிளஷ்ஷும் இருமுனை ஸ்ட்ரெய்ட்டும் சேர்ந்து 15 சீட்டுகள் இருந்தால்? கால் வந்தால் உங்கள் சராசரி இழப்பு 2 சிப்புதான். அவர் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் ஃபோல்ட் செய்தாலே நட்டமில்லை. 50, 29, 2 என்ற இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடித்து ஆடுகிறவர்கள் எந்தக் கையோடு அடிக்கிறார்கள் என்பதற்கான விளக்கம் பெரும்பாலும் இவற்றில் இருக்கிறது. புதுச்சேரியில் பெத்தாங்க் (உலோகக் குண்டு வீசி ஆடும் பிரெஞ்சு விளையாட்டு) ஆடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். எதிராளியின் குண்டை அடித்துத் தள்ள வல்லவர் எல்லாக் குண்டையும் அடிப்பதற்கு வீசுவதில்லை, தவறினாலும் தன் பக்கம் இன்னொரு குண்டு நல்ல இடத்தில் கிடக்கும்போதுதான் துணிந்து வீசுகிறார்.

இதற்கு உலகறிந்த உதாரணம் 2003-இல் லாஸ் வேகஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியின் இறுதிக் கட்டம். எஞ்சியிருந்தவர்கள் இருவர்: டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், அனுபவசாலியான சாம் ஃபர்ஹா. மணிமேக்கரிடம் இஸ்பேட் ராஜாவும் ஒரு ஏழும். ஃபர்ஹாவிடம் ராணியும் ஒன்பதும். ஃபிளாப்பில் ஒன்பது, இரண்டு, ஆறு. ஃபர்ஹாவுக்கு ஜோடி ஒன்பது. டர்னில் இஸ்பேட் எட்டு விழுந்தபோது மேசையில் மூன்று இஸ்பேட். மணிமேக்கருக்கு ஃபிளஷ்ஷுக்கும் ஒரு சீட்டு, ஆறு-ஏழு-எட்டு-ஒன்பது என்று ஸ்ட்ரெய்ட்டுக்கும் ஒரு சீட்டு குறைந்தது. நான் மேலே சொன்ன 15 சீட்டுக் கை அதுவே. ஃபர்ஹா பெட் செய்ய, மணிமேக்கர் ரெய்ஸ் செய்தார். ஃபர்ஹா கால் செய்தார். ரிவரில் மூன்று விழுந்து எதுவும் சேரவில்லை. மணிமேக்கர் ஆல்-இன் சென்றார். ஃபர்ஹா நெடுநேரம் யோசித்து, வென்றுகொண்டிருந்த ஜோடி ஒன்பதைக் கவிழ்த்தார். ரிவர் பந்தயத்தைத்தான் எல்லோரும் வியந்து பேசுகிறார்கள். கற்பவர் பார்க்க வேண்டியது டர்ன் ரெய்ஸ் என்பேன்: அந்த ரெய்ஸுக்குக் கணக்கின் துணை இருந்தது. ரிவர் பந்தயத்துக்கு இருந்தது, மூன்று இஸ்பேடைக் கண்டு அஞ்சக்கூடிய, ஒற்றை ஜோடியைக் கவிழ்க்கத் தெரிந்த எதிராளி. ஃபர்ஹாவின் இடத்தில் எதற்கும் கால் செய்கிற உங்கள் நண்பர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அதே பந்தயம் தவறாக முடிந்திருக்கும்.

உங்கள் ரெய்ஸுக்கு மறு ரெய்ஸ் வரும்போது சீட்டைக் கவிழ்ப்பதும் இந்த முறையின் ஒரு பாகமே. அதிகம் அடிக்கிறவர் அதிகமாக மோசமான கை வைத்திருப்பார். எதிர்ப்பு வந்ததும் அவற்றை விட்டுவிடத் தெரியாவிட்டால், சிறு சிறு பாட்டுகளில் சேர்த்த லாபம் முழுவதும் ஒரே பெரிய பாட்டில் போய்விடும். எப்போதும் கால் மட்டுமே செய்துவந்த ஒருவர் ரிவரில் திடீரென்று ரெய்ஸ் செய்தால், பெரும்பாலும் அவரிடம் சீட்டு இருக்கிறது என்று நம்பி விலகிவிடுங்கள். இது கணக்கு அல்ல, அனுபவம். ஆனால் நான் மிக அதிகமாக நம்பும் அனுபவங்களில் ஒன்று. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது, கை நடுக்கத்தை வைத்துச் சொல்வது போன்றவற்றில் எனக்கு நம்பிக்கை குறைவு. நல்ல சீட்டு வந்தாலும் கை நடுங்கும், பொய் சொன்னாலும் நடுங்கும். பந்தயத்தின் அளவும் வரிசையும் சொல்வதை முகம் சொல்வதைவிட மேலாகக் கொள்ளுங்கள்.

புதிய முறை பலிக்கிறதா என்று எப்போது தெரியும் என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கே என் பாடமான புள்ளியியல் கசப்பான பதிலைத்தான் தருகிறது. நோ-லிமிட் ஆட்டத்தில் 100 கைகளுக்கு (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) ஏற்படும் ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் சுமார் 90 பெரிய பிளைண்ட் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அடித்து ஆடினால் அது கூடும். 100 கைகளுக்கு 5 பெரிய பிளைண்ட் லாபம் என்பது நல்ல ஆட்டக்காரருக்குரிய வேகம். 10,000 கைகள் ஆடிய பிறகும் உங்கள் சராசரியின் திட்டப் பிழை (உண்மை வேகத்திலிருந்து அது விலகியிருக்கக்கூடிய அளவு) 100 கைகளுக்கு 9 பெரிய பிளைண்ட். லாபத்தைவிடப் பிழை பெரியது. மேசையில் கையால் சீட்டுப் போட்டு ஆடினால் மணிக்கு 25 முதல் 30 கைகள் என்பதால், 10,000 கைகளுக்கு 300 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே இரண்டு சனிக்கிழமை தோற்றதை வைத்து முறை தவறு என்றோ, மூன்று சனிக்கிழமை வென்றதை வைத்து முறை சரி என்றோ முடிவுக்கு வராதீர்கள். ஒவ்வொரு முடிவும் அப்போது தெரிந்த தகவலுக்குச் சரியானதா என்று பார்ப்பது ஒன்றே உங்கள் கையில் உள்ள அளவுகோல்.

இந்தக் காரணத்துக்காகவே செயலிகளில் பணம் வைத்து ஆடலாமா என்ற கேள்விக்கு வேண்டாம் என்று சொல்வேன். இப்போது சட்டமும் அதையே சொல்கிறது. தமிழ்நாட்டில் இது நீண்ட வழக்கு. கடனிலும் தற்கொலைகளிலும் முடிந்த பல நிகழ்வுகளுக்குப் பின், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022-இல் அறிக்கை தந்தது. அதையொட்டி இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் வந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டாக வகைப்படுத்திய அட்டவணையை மட்டும் நீக்கியது. போக்கர் அதிர்ஷ்ட விளையாட்டு அல்ல, திறன் விளையாட்டு என்ற வாதத்தை நம்பித்தான் பலர் இன்னும் பேசுகிறார்கள். ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறனா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடே பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை வழங்குவதைத் தடை செய்கிறது. வழங்குபவருக்கு மூன்று ஆண்டுவரை சிறையும் ஒரு கோடி ரூபாய்வரை அபராதமும் உண்டு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இதில் வேறுபாடு இல்லை. அந்தச் சட்டம் வந்ததும் பெரிய இந்தியத் தளங்கள் பண ஆட்டங்களை நிறுத்திவிட்டன; இப்போது தேடி வருகிற அழைப்புகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து இயங்குபவை, பணம் மாட்டிக்கொண்டால் கேட்பதற்கு நாதி இருக்காது. நான் வழக்கறிஞன் அல்லன். உங்கள் வீட்டு மேசையில் பணம் வைப்பது பற்றிய சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேளுங்கள். நான் கேட்டுக்கொள்வது சிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே. 10,000 கைகளுக்குப் பிறகும் தான் நல்ல ஆட்டக்காரனா என்று தெரியாத ஒரு விளையாட்டில், வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன ஒருவரின் சம்பளத்துக்கு இடமில்லை.

பயிற்சிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முதல் மாதம் இரண்டை மட்டும் செய்யுங்கள்: ரெய்ஸ் செய்து நுழைவது, நல்ல கையோடு மூன்று சுற்றும் பெரிதாகப் பெட் வைப்பது. ஆட்டம் முடிந்ததும் பெரிய பாட் ஐந்தை நினைவுக்குக் கொண்டுவந்து, எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தீர்கள், எத்தனை பேர் எதிரில், பாட் எவ்வளவு, பெட் எவ்வளவு என்று எழுதுங்கள். பெட்டையும் ரெய்ஸையும் கூட்டி, கால்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால் இன்னும் கால் செய்தே ஆடுகிறீர்கள் என்று பொருள். இரண்டாம் மாதம் ஒருவர் மட்டும் எதிரில் இருக்கும் ஃபிளாப்புகளில் தொடர் பெட்டையும், டர்னில் சேரக்கூடிய கையோடு அடிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிவர் பிளஃப் கடைசி. அதற்கு முன், அதே நோட்டில் உங்கள் நண்பர்கள் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ரிவரில் பெரிய பெட்டுக்கு அவர் கால் செய்ததையும் ஃபோல்ட் செய்ததையும், அந்தக் கையில் நீங்கள் இல்லாதபோதும், குறித்து வாருங்கள்; யாருடைய பக்கத்தில் ஃபோல்ட் கால்களுக்குச் சமமாகவாவது வந்திருக்கிறதோ, அவர்மேல் மட்டும் முயன்று பாருங்கள்.